குழாயில் எழுதாத நேரம்

குன்னூரில் 22 ஆண்டுகளாக இரத்தம் எடுக்கிறேன். குளிரில் சுருங்கி ஒளிந்துகொண்ட நரம்பைத் தட்டி எழுப்புவதும், ஊசியைக் கண்டதும் மயங்கும் ஆறடி ஆண்களைச் சரியான பக்கம் சாய்த்துப் பிடிப்பதும் கைக்குப் பழகிவிட்டது. ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் அரை மருத்துவர். அந்தப் பெருமையோடு இருந்தவளின் சொந்த அக்காவுக்கு ஏழு மாதம் வயிறு உப்பிக்கொண்டே போனது. அது சினைப்பைப் புற்று என்று தெரியாமல் நான் ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

அக்கா கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். 2021 டிசம்பரில், பனி விழத் தொடங்கிய நாள்களில் அவளுக்கும் தொடங்கியது. காலையில் ஒரு இட்லி முழுதாக இறங்காது; அதற்குள் கல்யாண விருந்து சாப்பிட்டதுபோல் நிறைந்துவிடும். கன்னம் ஒட்டிப்போனது, பாவாடை நாடாவை மட்டும் மாதத்துக்கு ஒரு விரற்கடை தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. அடிக்கடி சிறுநீர் முட்டியது. தேயிலைக் காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை ஏது? பெரட்டுக்கு, அதாவது காலை ஆளெடுப்புக்கு, கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். மாலைவரை அடக்கிக்கொள்வார்கள். அதனால் வரும் நீர்க்கடுப்பு அங்கே எல்லோருக்கும் உண்டு. இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டாள். அவள் பார்த்த மருத்துவர் நான்கு மாதம் வாயு மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எனக்கு ஓமத் தண்ணீர் நினைவுக்கு வந்துவிடும்.

எங்கள் கண்ணை மறைத்தது இன்னொன்றும் உண்டு. 2009இல், அக்காவுக்கு 38 வயதிருக்கும்போது, தீராத இரத்தப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் எடுத்தாயிற்று, இனி அங்கே என்ன வரப்போகிறது என்று நிம்மதியாக இருந்தோம். எல்லாவற்றையும் எடுக்கவில்லை. அந்த வயதில் சினைப்பைகளை விட்டுவைப்பதுதான் வழக்கம். கருக்குழாய்களும் உள்ளேயே இருந்தன. சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை, பெரும்பாலும் கருக்குழாயின் விரல்போன்ற முனையில் தொடங்கிச் சினைப்பைக்குப் பரவுகிறது என்று நோயியல் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். அக்காவின் அறுவைக்கு மறு ஆண்டு, 2010இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், கர்ப்பப்பையை எடுக்கும்போதே கருக்குழாய்களையும் எடுத்துவிடுங்கள் என்று மருத்துவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். ஒரே ஓர் ஆண்டு.

நம் ஊரில் பெண்ணின் அடிவயிற்றில் எது இருந்தாலும் அதற்குக் கர்ப்பப்பை என்றுதான் பெயர். முகாமில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்து 'ஒன்றுமில்லை' என்று சீட்டு வாங்கியவர்கள், அது சினைப்பைக்கும் சேர்த்துக் கொடுத்த சீட்டு என்று நம்புகிறார்கள். அந்தப் பரிசோதனை சினைப்பையைத் தொடுவதே இல்லை. கர்ப்பப்பை எடுத்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடியெடுங்கள். எது போயிற்று, எது இருக்கிறது என்று யாரிடமாவது கேட்டு வீட்டு டைரியில் எழுதிவையுங்கள். எங்களுடையது லைன் வீட்டின் ஒழுகலில் கூழாகிவிட்டிருந்தது.

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கட்டிலில் அவள் மல்லாந்து படுத்தபோதுதான் பார்த்தேன். ஆறு மாதக் கர்ப்பிணியின் வயிறு. மறுநாள் ஸ்கேனில் வயிறு நிறைய நீர். சினைப்பைப் புற்றில் இரத்தத்தில் ஏறக்கூடிய சிஏ-125 என்ற புரதத்தை அளக்க நானே இரத்தம் எடுத்தேன். 1,180 என்று வந்தது. கோவை மருத்துவமனையில் முதலில் எழுந்த கேள்வி, இது காசநோயாக இருக்குமோ என்பது. வயிற்றுக் காசநோயிலும் இப்படியே நீர் கோக்கும், இந்த எண்ணும் ஏறும். அதனால் எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவு கட்டவில்லை. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

சிஏ-125 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் பிழைப்போடு ஒட்டியது. 1981இல் அமெரிக்காவில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் இந்தப் புற்றோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் எதிர்ப்புப்பொருளைத் தேடி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். தேறியது 125ஆவது. பெயரில் இருக்கும் எண் அதுதான். 35க்குள் இருந்தால் சரி என்பார்கள். ஆனால் மாதவிலக்கு நாளில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், நார்க்கட்டியில் ஏறும், கல்லீரல் கெட்டாலும் ஏறும். புற்று முதல் நிலையில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏறாமலும் இருக்கும். இப்படிப்பட்ட எண்ணைத்தான் 'பெண்கள் நலத் தொகுப்பு' என்ற பெயரில் சர்க்கரை, தைராய்டு, கொழுப்போடு சேர்த்து விற்கிறோம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு, குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்களுக்கு, அது வீண் செலவு. இதை எழுதுவதால் என் முதலாளி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வீண் செலவு என்று வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. பிரிட்டனில் 50 முதல் 74 வயதுவரை உள்ள, மாதவிலக்கு நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேரை இரத்தப் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ ஆண்டுதோறும் பார்த்து, மறு பாதியை அப்படியே விட்டு, எத்தனை உயிர் மிஞ்சுகிறது என்று 2020வரை கணக்கெடுத்து 2021இல் முடிவைச் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனைக் குழுவில் சிலருக்கு நோய் முன்கூட்டியே தெரிந்தது உண்மை. ஆனால் சாவு குறையவில்லை. அமெரிக்காவில் 78,000 பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. அதில் 3,000க்கும் மேற்பட்டோருக்குப் பொய் எச்சரிக்கை. அவர்களில் ஆயிரம் பேருக்கு மேல் வயிற்றைத் திறந்தோ துளையிட்டோ பார்த்துவிட்டார்கள். அந்த ஆயிரம் பேரில் நூற்றுக்கு 15 பேருக்கு அதனாலேயே கடுமையான சிக்கல். ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்யத் தகுந்த முன்கூட்டிய பரிசோதனை இந்த நோய்க்கு இன்னும் இல்லை. இதைக் கண்டறியவே இரண்டு நாடுகளில் இத்தனை பெண்கள் கைநீட்டியிருக்கிறார்கள்.

பரிசோதனை இல்லாத இடத்தில் மிஞ்சுவது நம் கவனம். 2007இல் பார்பரா காஃப் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார். வயிறு உப்பல், அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது. இவற்றில் ஏதாவது புதிதாக, அதாவது ஓராண்டுக்குள் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் கவனிக்க வேண்டும். அடிக்கடி முட்டும் சிறுநீரும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. அக்காவுக்கு 12 நாள் என்ன, மாதத்தில் 25 நாள் இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை. 'அப்பப்போ உப்பும்' என்றுதான் அந்த மருத்துவரிடம் சொல்லியிருக்கிறாள். இப்போது வயிற்றுத் தொந்தரவு என்று வருகிறவர்களிடம், தினசரிக் காலண்டர் தாளிலேயே உப்பின நாளைச் சுழித்து, மாத முடிவில் அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்கிறேன். 'அடிக்கடி' என்றால் அவர் தலையை ஆட்டுவார். 'இந்த மாதம் 19 நாள்' என்றால் நிமிர்ந்து பார்ப்பார்.

சிகிச்சைக்கு வருகிறேன். நீர் மிகுதியாக இருந்ததால் முதலில் மூன்று முறை கீமோ மருந்து, பிறகு அறுவை, பிறகு மீண்டும் மூன்று முறை என்றார்கள். அறுவைக்கு முன்பு ஓர் இளம் பெண் கோப்போடு வந்து உட்கார்ந்தாள். பல மருத்துவமனைகள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்துகின்றன, எடுக்கும் கட்டியில் ஒரு துண்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் தர முடியுமா என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். "என்னைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்களா?"

படிவத்தை வாங்கிப் படித்தேன். தமிழில்தான் இருந்தது, ஆனால் எந்தத் தமிழனும் பேசாத தமிழ். 'உயிரியல் மாதிரிகளின் எதிர்காலப் பயன்பாட்டுக்கான அங்கீகாரம்' என்றால், 'உங்கள் சதையையும் இரத்தத்தையும் எடுத்துவைத்துப் பின்னால் வேறு ஆய்வுக்கும் பயன்படுத்தலாமா' என்பது பொருள். பேனாவை எடுத்து 14 இடத்தில் கோடு போட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் குறித்துக்கொண்டாள். அடுத்த முறை வந்தபோது அதில் ஒன்பது மாறியிருந்தன. நாங்கள் வேறு சிலவும் கேட்டோம். மாதிரி எந்த ஊருக்குப் போகும், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், பாதியில் வேண்டாம் என்றால் சிகிச்சை குறையுமா, ஏதாவது தெரிந்தால் எங்களுக்குச் சொல்வார்களா, ஆய்வை மேற்பார்வையிடும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் எங்கே. பாதியில் விலகுவது நோயாளியின் உரிமை, அதற்காகச் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதியிலேயே இருக்கிறது. அந்தத் தொலைபேசி எண்ணைப் படிவத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அக்கா கையெழுத்துப் போட்டாள். "என் ஒருத்தியின் கட்டியில் என்ன இருக்கப்போகிறது?" என்றும் கேட்டாள். அமெரிக்காவில் 489 பெண்கள் இப்படித் தந்த கட்டிகளைப் பிரித்துப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள், அவற்றில் மரபணு வரிசையைப் படித்த 316 கட்டிகளில் 96 விழுக்காட்டில் ஒரே மரபணு, டிபி-53, கெட்டிருந்தது என்று ஒரு மருத்துவர் அவளுக்குச் சொன்னார். "அப்படியானால் நான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி" என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து மரபணு ஆலோசகர். ஒரு வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமும் வரைந்து குடும்பத்தைக் கேட்டார். அம்மா பக்கம் ஒன்றுமில்லை என்றோம். "அப்பா பக்கம்?" "அப்பா பக்கம் எதற்கு? இது பெண்கள் நோய்தானே?" என்றேன் நான், ஆய்வகத்தில் வேலை செய்கிறவள். அவர் சிரிக்கவில்லை. கெட்டுப்போனால் மார்பிலும் சினைப்பையிலும் புற்று வரும் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுவில் உள்ள கோளாறு தந்தை வழியாகவும் வரும். அவர் நோயில்லாமல் சுமந்து வந்து பிள்ளைக்குக் கொடுப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்.

எங்கள் அப்பா, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்ப இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி, 1972இல் இலங்கையின் ஹட்டனிலிருந்து புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் சில நாள் கிடந்து, நீலகிரிக்கு வந்து சேர்ந்தவர். அவருடைய அக்காமார் இருவரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். எங்கள் குடும்ப மரத்தின் பாதிக் கிளை கடலுக்கு அப்பால். வாட்ஸ்அப்பில் அத்தை மகளைப் பிடித்தேன். மதினி யோசித்து யோசித்துச் சொன்னார். பெரிய அத்தை 46 வயதில் மகோதரம் வந்து இறந்துபோனார். சின்ன அத்தைக்கு 39இல் மார்பில் கட்டி.

மகோதரம். சிறுவயதில் அப்பா வாயிலிருந்து எத்தனையோ முறை கேட்ட சொல். வயிற்றில் நீர் கோத்துச் செத்தவர்களுக்கெல்லாம் அந்த ஒரே பெயர்தான், குடித்துக் கல்லீரல் கெட்டவர்களுக்கும் சேர்த்து. பெரிய அத்தை வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவர் அல்ல. உங்கள் வீட்டுப் பழைய ஆள்கள் மகோதரம், உள்கட்டி, வயிற்றுக் கழலை என்று யாரைப் பற்றியாவது சொன்னால், அது ஆணா பெண்ணா, என்ன வயது என்று அவர்கள் இருக்கும்போதே கேட்டுவையுங்கள். நாங்கள் மதினிக்கு எழுபது வயதாகும்வரை காத்திருந்தோம்.

அக்காவுக்கு பிஆர்சிஏ-1இல் கோளாறு இருந்தது. எனக்கு இல்லை. முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கோவை பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷப்படவும் தெரியவில்லை. அக்காவின் மகளுக்கு 26 வயது. இந்தக் கோளாறு உள்ள பெண்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்கு வாழ்நாளில் சினைப்பைப் புற்று வரக்கூடும் என்றும், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 முதல் 40 வயதுக்குள் கருக்குழாயையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்றும் ஆலோசகர் அவளுக்கு விளக்கினார். "கல்யாணம் முடியட்டும், சித்தி" என்கிறாள். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் இது விழுந்தால் என்ன ஆகும் என்ற அவள் பயம் பொய்யல்ல. நான் வற்புறுத்துவதில்லை. காகிதம் என் பீரோவில் இருக்கிறது.

மலையிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சில சொல்வேன். மருந்தேற்றிய அன்றே கொண்டை ஊசி வளைவுகளில் ஏறாதீர்கள். முதல் முறை நாங்கள் ஏறினோம். பர்லியாரில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு மேட்டுப்பாளையத்தில் தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கினோம். வாந்தி மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்துக்கு, வாந்தி வரும்வரை காத்திராமல் போட வேண்டும். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளணு குறைந்த உடம்பு அது. அந்த இரவே மருத்துவமனை. ஆகவே மழைக்காலத்தில் வண்டிக்காரர் ஒருவரிடம் முன்பே சொல்லிவைத்தோம், குன்னூர்ச் சாலை அடைபட்டால் கோத்தகிரி வழி இறங்குவதற்கும் சேர்த்து. ஏற்றும் மருந்துகளில் ஒன்றான பாக்லிடாக்செல் விரல்நுனியை மரக்கவைக்கும். எங்கள் குளிரில் அது இன்னும் மோசம். அக்காவுக்கு இப்போதும் கொழுந்து எது, முற்றின இலை எது என்று விரலுக்குத் தெரிவதில்லை; கண்ணால் பார்த்துப் பறிக்கிறாள். தோட்டத்தில் அவளைப் பிள்ளைக் காப்பகத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

2023 தொடக்கத்தில், பிஆர்சிஏ கோளாறு உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதைத் தள்ளிப்போடத் தரும் ஓலாபரிப் மாத்திரை தொடங்கினாள். காலையில் இரண்டு, இரவில் இரண்டு, இரண்டு ஆண்டுகள். விலை எங்கள் கைக்கு எட்டாதது; மருத்துவமனையின் சமூகப் பணியாளர் ஓர் உதவித் திட்டத்தில் சேர்த்துவிட்டார். விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள், முதலில் அவரைத் தேடிப் போங்கள். இந்த மாத்திரையை இந்த நிலையில் கொடுக்கலாம் என்று நிலைநாட்டிய ஆய்வில் 391 பெண்கள் இருந்தார்கள். 260 பேருக்கு மருந்து, 131 பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. ஏழு ஆண்டுக்குப் பின் மருந்து எடுத்தவர்களில் 67 விழுக்காடும் மற்றவர்களில் 46.5 விழுக்காடும் உயிரோடு இருந்தார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்டது அந்த 131 பேரைப் பற்றித்தான்.

ஆய்வுக்கான இரத்தம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் கோவை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று, போக வர 140 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்துக்குள் இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும் என்பதுதான் கட்டுப்பாடு. சுழற்றும் இயந்திரம் என்னிடமும் இருக்கிறதே என்று கேட்டேன். நல்ல யோசனை என்றார்கள். நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ள ஐந்து மாதம் ஆயிற்று. எனக்கு எரிச்சல்தான். ஆனால் அதன்பிறகு மலையில் இருக்கும் இன்னும் மூன்று பெண்களும் கீழே இறங்குவது நின்றது.

முதல் மாதிரியை 2023 நவம்பரில் அனுப்பினேன். அன்று மழை. மண் சரிந்து குன்னூர்ச் சாலை அடைபட்டது. பெட்டி கோத்தகிரி சுற்றி இரவில் போய்ச் சேர்ந்தது. பனிக்கட்டி உருகவில்லை, பிளாஸ்மா தெளிவாக இருந்தது. ஆனாலும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். குழாயில் இரத்தம் எடுத்த நேரத்தை நான் எழுதவில்லை. நேரம் தெரியாத மாதிரியை வேறு ஊர் மாதிரிகளோடு வைத்து ஒப்பிட முடியாது என்றார்கள். இத்தனை ஆண்டுப் பழக்கம், பெயரும் வயதும் போதும் என்று கை நின்றுவிட்டது. அக்காவின் அந்த மூன்று மாதம் கணக்கில் இல்லாமல் போனது.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்தேன். மாத்திரை இரத்தத்தைக் குறைக்கும் என்பதால் மாதாமாதம் அணுக்களை எண்ண அக்காவிடம் இரத்தம் எடுப்பேன். 2024இல் ஒருநாள் குழாயில் மிச்சம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் சிஏ-125 போட்டுப் பார்த்தேன். 41. அதற்கு முன்பு 20க்குள் இருந்தது. பத்து நாள் தூக்கமில்லை. அக்கா முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் 41 தெரிந்தது. கடைசியில் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, ஓர் ஆய்வைச் சொன்னார். 2010இல் முடிவு வந்தது. சிகிச்சை முடிந்து நலமாக இருக்கையில் எண் மட்டும் ஏறிய 529 பெண்கள். ஒரு பாதியினருக்கு உடனே மருந்து, மறு பாதியினருக்குத் தொந்தரவு தெரிந்த பிறகு. ஆயுளில் வேறுபாடு இல்லை. முன்கூட்டித் தொடங்கியவர்களுக்கு மருந்தின் உபத்திரவம்தான் முன்கூட்டி வந்தது. இப்போதைய மருந்துகளுக்கு முந்தைய ஆய்வு அது, அதனால் யாருக்கு எப்போது எண்ணைப் பார்ப்பது என்பதை நோயாளியோடு பேசித்தான் முடிவெடுக்கிறோம் என்றார். பிறகு, "உங்கள் அக்காவிடம் கேட்டீர்களா?" என்றார்.

கேட்கவில்லை. படிவத்தில் 14 இடத்தில் கோடு போட்டவள், கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாலை அவளிடம் சொன்னேன். காய்ந்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "எண் எனக்கு வேண்டாம். உடம்பு ஏதாவது சொன்னால் நான் உனக்குச் சொல்கிறேன்" என்றாள். அடுத்த ஸ்கேன் சுத்தமாக இருந்தது. 41 ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இரண்டு ஆண்டு மாத்திரை 2025இல் முடிந்தது. ஆய்வுக்கான இரத்தம் மட்டும் தொடர்கிறது. போன வாரம் அக்கா ஆய்வகத்துக்கு வந்து, சொல்வதற்கு முன்பே ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நரம்பு உடனே கிடைத்தது. நான்கு குழாய்கள். பஞ்சை வைத்து முழங்கையை மடக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"நேரம் எழுதினாயா?" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். 10.40.